ராஜமாணிக்கம் அண்ணன் கம்ப்யூட்டரில் வந்த மத்தியானம்

புரிந்த விஷயத்துக்கு நான் தலையாட்டுவதே இல்லை. புரியாததற்குத்தான் வேகமாக ஆட்டுவேன். கேள்வி கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம். பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்தவனுக்கு இந்த ஒரு வித்தை போதும் என்று தொண்ணூறுகளின் கடைசி வரை நம்பியிருந்தேன்.

அப்போது பினாங்கு துறைமுகத்துக்கு எதிரே, ஒரு பழைய கடைவீட்டு மாடியில், சரக்கு அனுப்பும் கம்பெனியில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. எனக்கு மூத்த கிராணி ராஜமாணிக்கம் அண்ணன். பக்கவாதம் வந்து வலது கை சரியாக இயங்காதவர். அவர் மௌஸைப் பிடித்தால் திரையில் அம்பு கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி இழுத்துக்கொண்டு போகும். அவர் காலமானதும் அவருடைய மேசையும் கம்ப்யூட்டரும் எனக்கு வந்தன.

கூடவே ஒரு பாவமும் வந்தது. அவர் இறப்பதற்குச் சில மாதம் முன்பு, கப்பல் சரக்கு ஒன்றின் அசல் பத்திரத்தின்மேல் நான் நாசி கண்டார் சோற்றின் குழம்பைக் கொட்டிவிட்டேன். (முழுப் பொட்டலம். பாதி என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.) பயந்துபோய், அதை என் இழுப்பறையில் விரித்திருந்த பேப்பருக்கு அடியில் ஒளித்தேன். பத்திரங்களுக்கு அவர்தான் பொறுப்பு என்பதால் பழி அண்ணன்மேல் விழுந்தது. அன்றிலிருந்து ஆபீசில் எது காணாமல் போனாலும், "ராஜமாணிக்கம் ஆயிடுச்சா?" என்று முதலாளி கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணன் செத்த பிறகும் முதலாளி கேட்டார். நானும் சிரித்தேன்.

பிறகு புக்கிட் தெங்காவில் கம்பெனிக்கு ஒரு கிடங்கு திறந்தார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்த பரமேஸ்வரி ஒரு நாள் மாடிக்கு வந்து, என் கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றினாள்.

"மிஸ்டர் சேகர், இது இன்டர்நெட்ல ஃப்ரீயா கிடைக்குது. இனிமே நான் கிடங்குல உட்கார்ந்து பிரவுசரைத் தொறந்தா, உங்க ஸ்கிரீன் அப்படியே அங்க தெரியும். உங்க மௌஸையும் நானே நகர்த்தலாம். லைன் கொஞ்சம் ஸ்லோ லா. புரிஞ்சுதா?"

நான் கழுத்து வலிக்கிற அளவுக்குத் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மாடியில் நான் மட்டும் இருந்தேன். வெளியே மழை கறுத்துக்கொண்டு வந்தது. காற்றாடியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். திரையில் அம்பு நகர்ந்தது.

கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மறுபடி இழுத்துக்கொண்டு போனது.

அந்த நடை எனக்குத் தெரியும். அம்பு ஒவ்வொரு கோப்பாகத் தடவிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைத் திறந்தது. பத்திரம் தொலைந்த அந்தச் சரக்கின் கோப்பு! மௌஸைப் பிடித்து அதை மூடினேன். அம்பு திமிறியது. மறுபடி திறந்தது. அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. செத்தவர் போன் வேறு செய்வாரா? நான் எடுக்கவில்லை.

திரையில் வெள்ளையாக ஒரு பக்கம் விரிந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ் ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்து வந்தது.

"யாரு அங்க?"

அடுத்த வரி: "கைய எடுங்க."

எடுத்தேன். எடுத்த கையோடு கீழே ஓடி, அண்ணன் தினமும் குடிக்கும் பாலில்லாத கோப்பி ஓ ஒரு பொட்டலம் வாங்கி வந்து, கம்ப்யூட்டர் முன்னால் வைத்தேன். சாமி மாடத்திலிருந்து ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தினேன். படையலுக்கு இலை இல்லாததால், சுங்க ஃபாரம் ஒன்றை விரித்தேன். பிறகு ஒற்றை விரலால் தட்டினேன்:

"ராஜமாணிக்கம் அண்ணே, மன்னிச்சிடுங்க. அந்தப் பத்திரத்துல குழம்பைக் கொட்டுனது நான்தான். என் பழைய மேசை இழுப்பறையிலதான் இருக்கு. உங்க பேரைச் சொல்லி சிரிச்சப்ப நானும் சிரிச்சேன். என்னை ஒண்ணும் செஞ்சிடாதீங்க."

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஊதுபத்திப் புகை திரைமேல் ஏறியது. பிறகு மூன்றாவது வரி வந்தது.

"பரவாயில்ல தம்பி."

அழுதுவிட்டேன். மறுபடி டெலிபோன் அடித்தது. இந்த முறை எடுத்தேன்.

"மிஸ்டர் சேகர், நான் பரமேஸ்வரி." சிரிப்பை அடக்கிய குரல். "அந்தக் கோப்பைத் தேடிப் பார்க்கச் சொன்னதே முதலாளிதான். இப்ப பக்கத்துல நிக்கிறாரு. எல்லாத்தையும் படிச்சிட்டாரு."

"டேய் சேகரு!" முதலாளி ரிசீவரைப் பிடுங்கிவிட்டார். "நாளைக்கு மீட்டிங்ல எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சு நின்னு, இதை உன் வாயால சொல்லணும். இல்லாட்டி வேலைக்கே வராதே!"

சொன்னேன். நாலு பேர் இல்லை, பதினாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குழம்புக் கறையோடு பத்திரத்தைத் தூக்கியும் காட்டினேன். அன்றோடு அண்ணன் பெயரை வைத்துச் சிரிப்பது நின்றது. அதற்குப் பதிலாக, பேனா காணாவிட்டால்கூட "சேகர் ஆயிடுச்சா?" என்றார்கள். இன்றும் எங்கள் வீட்டில் சாவி தொலைவதில்லை, சேகர் ஆகிறது. முதலில் சொல்கிறவள் என் மனைவிதான். (ஆமாம், பரமேஸ்வரியேதான். பேயைக் கட்டிக்கொண்டவன் என்று என் மச்சான் சொல்லுவான்.)

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. தான் தட்டியது இரண்டே வரி என்று அவள் சாதிக்கிறாள். நான் எழுதியதைப் படித்ததும் முதலாளியைக் கூப்பிடக் கிடங்குக்குள் ஓடிவிட்டாளாம். திரும்பி வந்தபோது மூன்றாவது வரியும் திரையில் இருந்ததாம். முதலாளிக்குத் தட்டச்சே தெரியாது. என்னைத் தம்பி என்று அந்தக் கம்பெனியில் கூப்பிட்டவர் ஒருவர்தான்.

இதை அவள் சொல்லும்போது நான் தலையாட்டுவதில்லை.