காலிக் கடற்கரையில் சூரியோதயம்

இலங்கையின் காலித் துறைமுகத்தில் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்பது அய்யாத்துரைக்குத் தெரியவில்லை.

கடிதத்தில் பாதி முடிந்திருந்தது. 'அன்புள்ள சீனிக்கு, நலம். இன்று விடியற்காலையில் இலங்கையின் தென்கோடியில் உள்ள காலிக்கு வந்து சேர்ந்தேன். கோட்டை மதில்மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்' என்பது வரை பேனா தடையில்லாமல் ஓடியது. உண்மையில் அவன் உட்கார்ந்திருந்தது எண்ணூருக்குப் பக்கத்தில், காத்திவாக்கம் குப்பத்தில், கரையேற்றிப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தின்மேல். எதிரே கடலிலிருந்து சூரியன் நனைந்துகொண்டே மேலே வந்தது. கண்ணால் காண்பதை எழுதுவதுதான் யோக்கியம் என்று முடிவு செய்து, 'இங்கே சூரியன் கடலுக்குள்ளிருந்துதான் எழுகிறது, சீனி. நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது' என்று எழுதி உறையை ஒட்டினான்.

அவன் மனைவி சீனியம்மாள் இருந்த ராயபுரத்து வீடு அங்கிருந்து எட்டு மைல்.

இந்த எட்டு மைல் தூரத்துக்கு அவன் வந்து சேர்ந்த கதைக்கு மூலகாரணம் அவன் மாமனார் தவசிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ராயபுரத்தில் கப்பலுக்கும் படகுக்கும் கயிறு விற்கும் கடை வைத்து நிலைத்தவர். மகள் கல்யாணத்துக்கு முன்பு மூன்று முறை இலங்கைக்குப் போய்க் கரையோரமாகவே தீவைச் சுற்றி வந்தவர். அந்த மூன்று பயணங்களையும் வீட்டோடு மாப்பிள்ளையான அய்யாத்துரை பதினோரு வருஷமாகச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டு வந்தான்.

"கொழும்புக் கடல் கத்தும், மாப்ள" என்பார் மாமனார், ரசத்துக்குக் காத்திருக்கும்போது. "காலிக் கடல் பேசும். மட்டக்களப்புல போய் நின்னீருன்னா அது முணுமுணுக்கும். யாழ்ப்பாணத்துக் கடலு வாயே தொறக்காது. ஒரே தீவு, நாலு கடலு. பாத்தவனுக்குத்தான் தெரியும்."

பார்க்காதவன் தலையைக் குனிந்து சாப்பிடுவான். கடையில் உட்கார்ந்தால் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிக் கூரைகளுக்கு மேலே கப்பல்களின் புகைபோக்கிகள் தெரியும். ஒன்று நகரத் தொடங்கினால் அவன் கையில் இருக்கும் கயிற்றை அளக்க மறந்துவிடுவான். அவன் வேறு ஊர் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அந்தத் தீவை ஒரு முறை, விருந்தாளியைப் போல, கரை கரையாகப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

விநோதம் என்னவென்றால், இந்த ஆசையை ஊட்டிய மாமனாரே அதற்குக் குறுக்கே நின்றார். அங்கே இப்போது பழைய மாதிரி இல்லை என்பார். காய்ச்சல் என்பார். கடைசியில் சீனியம்மாள்தான் அப்பாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்து, இரண்டு மாத விடுமுறை வாங்கிக் கொடுத்தாள். காகிதம், கடுதாசி ஏதாவது வேண்டுமா என்று அய்யாத்துரை கேட்டபோது, ஒன்றும் வேண்டாம், நேராகப் போய்க் கப்பலில் ஏற வேண்டியதுதான் என்று மாமனார் கையை வீசிச் சொல்லிவிட்டார்.

எழும்பூரில் போட் மெயில் ஏறும்போது தெருவே வந்து வழியனுப்பியது. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா மாசிக் கருவாடு கேட்டாள். இன்னொருவர் வலம்புரிச் சங்கு கேட்டார். மாலை வேறு போட்டார்கள்.

இலங்கைக் கப்பலுக்கு முந்திய மண்டபம் ஸ்டேஷனில் ஒரு அதிகாரி பாஸ்போர்ட் கேட்டார். விசா கேட்டார். போன வருஷத்திலிருந்து இரண்டும் வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அய்யாத்துரையின் முகத்தைப் பார்த்து மனம் இரங்கி, திரும்பும் வண்டி சாயங்காலம்தான், அதுவரை அந்தப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றும் சொன்னார். அவன் பார்த்தான். அந்தக் கரை தெரியவில்லை.

போட்ட மாலை வாடுவதற்குள் வீட்டுக்குத் திரும்ப முடியுமா? சென்னையில் இறங்கியவனின் கால் ராயபுரத்துக்குப் போகாமல் எண்ணூர் பாசஞ்சரில் ஏறியது. காத்திவாக்கத்தில் வெளியாளுக்கு அறை விடும் வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் சொந்தக்காரி, இறால் விற்கும் வியாகுலம்மாள்.

"யாரு, இன்னா, எங்கேர்ந்து வர்றே, ஒண்ணும் நான் கேக்க மாட்டேன்" என்றாள் அவள். "காத்தால கஞ்சி. மத்தியானம் எறா கொழம்பு. நீ பாட்டுக்கு இருந்துகினு போ."

பேசாமல் இரண்டு மாதம் ஒளிந்திருந்துவிட்டுப் போயிருந்தால் தொல்லை இல்லை. ஆனால் கடிதம் போடாவிட்டால் சீனியம்மாள் பயந்துவிடுவாள். கடிதம் போட்டால் இலங்கைத் தபால்தலை வேண்டும். அவனுக்கு லியாகத் அலியின் நினைவு வந்தது. சென்னைக்கும் கொழும்புக்கும் போய்வரும் ஒரு சரக்குக் கப்பலில் அவன் மாலுமி. கயிறு வாங்க வந்து சிநேகிதமானவன். துண்டால் தலையை மூடிக்கொண்டு துறைமுக வாசலில் அவனைப் பிடித்து அய்யாத்துரை விஷயத்தைச் சொன்னான். லியாகத் அலி வெகுநேரம் சிரித்தான். பிறகு கடிதங்களைக் கொழும்பில் போடுவதாகவும், பதில்களைத் தன் மச்சான் அங்கே வைத்திருக்கும் டீக்கடை விலாசத்துக்கு வரவழைத்துக் கொண்டுவருவதாகவும் ஒப்புக்கொண்டான்.

அன்றிலிருந்து அய்யாத்துரை நாளுக்கு ஒரு கரையாக இலங்கையைச் சுற்றிப் பார்த்தான். காத்திவாக்கத்து அலைவாய்க்கரை காலித் துறைமுகம் ஆயிற்று. நெட்டுக்குப்பத்து முகத்துவாரத்தில், ஆறும் கடலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த இடம், திருகோணமலை ஆயிற்று. உப்பங்கழி மட்டக்களப்பு. உப்பளத்து வெள்ளைப் பாத்திகள் யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழி. பொய் சொல்ல வேண்டுமே என்று உற்றுப் பார்க்கத் தொடங்கியவனுக்கு, உற்றுப் பார்ப்பதே பழக்கமாகிவிட்டது. தண்ணீர் எந்த வேளையில் எந்த நிறம், நண்டு எந்தப் பக்கமாக ஓடும், காற்று திரும்பினால் மணல் எப்படிக் கோடு போடும் என்றெல்லாம் எழுதினான். கப்பல் ஒன்று தெற்கே போவதைக் கண்டால் மட்டும் எழுதுவதை நிறுத்தி, அது புள்ளியாகும் வரை நின்றுகொண்டிருப்பான்.

பதினைந்து நாள் கழித்து லியாகத் அலி பதிலோடு வந்தான். கொடுப்பதற்கு முன், என்னதான் எழுதினாய் என்று கேட்டான். அய்யாத்துரை காலிச் சூரியோதயத்தைச் சொன்னான்.

"அண்ணாத்தே, அது மேக்குக் கரை" என்றான் லியாகத் அலி. "நாப்பது தபா போய்கினு வந்துகீறேன். சூரியன் அங்க கடல்ல எறங்கும். ஏறாது."

அய்யாத்துரை உறையை அவன் கையிலிருந்து பிடுங்கினான். மூன்று முறை போனவர் மாமனார். கடிதத்தைப் பிரித்தான்.

'அன்புள்ள அத்தானுக்கு, தாங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காலியில் சூரியன் கடலிலிருந்துதான் எழும், நானும் அப்படித்தான் பார்த்தேன் என்றார்கள். சொல்லும்போது அவர்கள் கண் கலங்கிவிட்டது.'

லியாகத் அலி கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தான். கடைசியில், பெரியவருக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் தடுமாறுகிறது என்று இருவரும் தீர்மானித்தார்கள்.

அந்தத் தைரியத்தில் அய்யாத்துரை கழியில் கண்ட இறால் பிடிக்கும் பெண்களை மட்டக்களப்புக்கு அனுப்பினான். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, ஓலைப் பெட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு நகரும் பெண்கள். அதற்கும் அடுத்த நடையில் பதில் வந்தது. மட்டக்களப்பில் அப்படித்தான், பெட்டியைப் பல்லால்தான் கடிப்பார்கள் என்று அப்பா சத்தியம் செய்தாராம்.

அந்தக் கடிதத்தில் இன்னும் இருந்தது.

'தெருவில் எல்லாரும் தங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கிறார்கள். நான் சாயங்காலம் படிப்பேன். நண்டு ஓடுவதைப் படித்தபோது ரஹீமுன்னிசா அக்கா சிரித்துக்கொண்டே அழுதார்கள். அத்தான், நம் வீட்டிலிருந்து கடல் ஒரு கூப்பிடு தூரம். ஆனால் இத்தனை வருஷத்தில் அதை நான் நின்று பார்த்ததில்லை. அது என்ன நிறம் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. தாங்கள் அங்கேயே இருங்கள். அக்காவின் தம்பி கொழும்பில் இருக்கிறார். அவர் துணையோடு நானும் வந்துவிடுகிறேன். அந்தக் கடலைத் தங்களோடு ஒரு முறை பார்த்துவிட்டால் போதும்.'

அய்யாத்துரை கட்டுமரத்தில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படித்தான். அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தெற்கே திருவொற்றியூர் வரை கரையோரமாகவே நடந்தான். தூரத்தில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன. அவற்றின் அடியில்தான் அவன் வீடு. அங்கேயே கொஞ்சநேரம் நின்றான். இந்த இடத்தில் அவள் நின்றால் புடவைத் தலைப்பை எந்தக் கையால் பிடித்துக்கொள்வாள் என்று யோசித்தான். தெரியவில்லை. பிறகு திரும்பி வந்தான்.

அவள் கிளம்பிவிடாமல் தடுக்க வேண்டும். 'இங்கே கிழக்குக் கரையில் காற்று சரியில்லை' என்று எழுதினான். 'காய்ச்சல் பரவுகிறது. எனக்கும் லேசாக இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. நீ வர வேண்டாம்.' எழுதிய மட்டில் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது.

அதற்கு வந்த பதில் நாலே வரி. லியாகத் அலி ஒரு சனிக்கிழமை காலையில் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கப்பலில் வேலை இருக்கிறது என்று உடனே போய்விட்டான்.

'காய்ச்சல் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவை அனுப்புகிறேன். முதலில் முடியவே முடியாது என்றார்கள். பிறகு கால்வலி என்றார்கள். நான் விடவில்லை. பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை போட் மெயிலில் ஏறுகிறார்கள்.'

பதினேழு நேற்று. அய்யாத்துரை கணக்குப் போட்டான். மாமனார் இந்நேரம் மண்டபத்துக்குப் பக்கத்தில் இருப்பார். அதிகாரி பாஸ்போர்ட் கேட்பார். யாரும் அப்படிச் சும்மா கடலைத் தாண்ட முடியாது என்பது மாமனாருக்குத் தெரிந்துவிடும். அப்படியானால் மாப்பிள்ளையும் தாண்டியிருக்க முடியாது என்பதும் தெரிந்துவிடும். நாளைக்கு அவர் வீட்டுக்கு வந்து சொல்வதற்குள், இன்றே போய்ச் சீனியம்மாளிடம் தானே சொல்லிவிட வேண்டும். அடித்தால் அடிக்கட்டும். அழுதால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. சொல்லி முடித்ததும் அவளை அழைத்துப் போய் அந்தக் கூப்பிடு தூரத்துக் கடலைக் காட்ட வேண்டும்.

துணிகளை அள்ளிப் பெட்டியில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

மணலில் தவசிமுத்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் தகரப் பெட்டி. கழுத்தில் நேற்றைய மாலையிலிருந்து உதிர்ந்த இரண்டு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது.

இருவரும் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார்கள். மாமனாரின் வாய் திறந்து திறந்தபடியே இருந்தது. கோபத்தில் பேச்சு வரவில்லை என்று அய்யாத்துரை புரிந்துகொண்டான். பெட்டியைப் போட்டுவிட்டு நேராகப் போய் அவர் காலில் விழுந்தான். மண்டபத்தில் திருப்பி அனுப்பியது, எண்ணூர் பாசஞ்சர், லியாகத் அலி, கட்டுமரத்துக் காலி, கழியில் மட்டக்களப்பு, இல்லாத காய்ச்சல் என்று ஒன்றுவிடாமல் மணலைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான்.

தவசிமுத்து தம் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. பிறகு மெல்ல முதுகு நிமிர்ந்தது. குடையை ஊன்றிக்கொண்டார்.

"நீரு எழுதுன ஒவ்வொரு வரியும் எம் பொண்ணுக்கு மனப்பாடம்" என்றார். "அவகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

"தப்புதான் மாமா."

"ஊரை ஏமாத்துனீரு. சரி. மூணு தடவை அந்தத் தீவைச் சுத்துனவன் ஒருத்தன் வீட்டுல உக்காந்திருக்கானே, அவன்கிட்டயே கழியைக் காட்டி மட்டக்களப்புன்னு சொல்லலாமான்னு கொஞ்சமாவது யோசிச்சீரா?"

அய்யாத்துரைக்கு நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. நான் இங்கே இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டான். தவசிமுத்து கடலைப் பார்த்தார். அதெல்லாம் இப்போது எதற்கு என்றார்.

அப்போது சந்தைக்குப் போயிருந்த வியாகுலம்மாள் காலிக் கூடையோடு வந்து சேர்ந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்தாள்.

"வா நைனா, ஆளைப் பாத்து பன்னெண்டு வருசமாச்சே" என்றாள். "ரூம்புல இவரு கீறாரு, கொஞ்சம் ஒதுங்கிப் படுத்துக்கோ. இந்தத் தபா சிலோன்ல எத்தினி நாளு?"