பார்த்தும் பாராத மாதிரி

"சிரியுங்கோ, பாக்கினம்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் இராசலிங்கம்.

மனைவி சுந்தரேஸ்வரி சிரித்தாள். மகள் தர்மிகா சிரிக்கவில்லை. ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து இத்தனை தூரம் அவள் சுற்றுலாக் கப்பலேறி வந்தது திமிங்கிலம் பார்க்க. எசனில் பஸ் ஓட்டும் அப்பா லீவு போட்டு வந்தது, அவளை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட.

எல்லாம் தரகர் ஸ்ரீதரனின் ஏற்பாடு. "எரிமலைத் தீவைச் சுத்துற அண்டைக்கு மேல்தட்டில பெடியன்ர ஆக்களும் நிப்பினம். நீல மழைச்சட்டை. பாத்தும் பாக்காத மாதிரி நில்லுங்கோ. பெடியன் பகுதிதான் முதலில கதைக்கவேணும்."

ஏற்கெனவே மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று இராசலிங்கம் நம்பினார். ஊர் என்றால் எசன்தான்.

மேல்தட்டின் மறுகோடியில் நான்கு நீல மழைச்சட்டைகள்: தாய், தகப்பன், பெடியன், அவன் தங்கை. கப்பலில் வேறு தமிழ் முகமே இல்லை.

ஜெர்மன்காரர்கள் தொலைநோக்கியால் கடலைப் பார்த்தார்கள். நீலச்சட்டைத் தாய் தன்னுடையதால் இவர்களைப் பார்த்தாள். சுந்தரேஸ்வரி தன்னுடையதால் அவளைப் பார்த்தாள். இரண்டு தொலைநோக்கியும் நேருக்கு நேர் வந்ததும், இருவரும் சட்டென்று வானத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை.

"பிழைச்சுப்போச்சு. வடையைக் குடுத்துச் சமாளிப்பம். கீர்த்தனன், கொண்டு போ," என்று, கட்டிக்கொண்டு வந்த வடையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார் இராசலிங்கம்.

தங்கைக்குக் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்கும் மூத்த மகன் கீர்த்தனன் தயங்கினான். "முதலில கதைக்கக்கூடாதெண்டு சொன்னியள்?"

"கதைக்காதை. நீட்டு."

அவன் பாதி வழி போவதற்குள் ஒரு கடற்பறவை வந்து வடையைக் கவ்வியது. பின்னால் அதன் சுற்றமும் வந்தது. பயத்தில் தட்டை வீசினான். அது நீலச்சட்டைத் தாயின் காலடியில் விழ, பறவைகள் அவளைச் சூழ்ந்துகொண்டன. பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று ஒலிபெருக்கி ஜெர்மன் மொழியில் அதட்டியது.

இராசலிங்கம் குடும்பத்தைக் கைப்பிடிக் கம்பியோரம் இழுத்து நிறுத்தினார். "இனி ஒருத்தரும் அசையாதேங்கோ!"

அந்நேரம் பார்த்து மறுபக்கம் திமிங்கிலம் எழுந்தது. கப்பலே அந்தப் பக்கம் ஓடியது. எட்டுத் தமிழர் மட்டும் கறுத்த எரிமலைப் பாறையைப் பார்த்தபடி அடக்கமாக நின்றார்கள்.

"அப்பா, இனி ஏலாது!" என்று தர்மிகா ஓடினாள். நீலச்சட்டைப் பெண்ணும் ஓடினாள். முன்பின் தெரியாத இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்துக் கூச்சல் போட்டார்கள்.

முடிந்தது கதை என்று இராசலிங்கம் கண்ணை மூடினார். திறந்தபோது நீலச்சட்டைத் தகப்பன் எதிரே நின்றார். முகத்தில் கோபமில்லை. கை கூப்பியிருந்தார். அப்பாடா! இராசலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாப்பிள்ளை பகுதியே முதலில் வாய் திறக்கப்போகிறது.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ," என்றார் அவர். "தரகர் எங்களை முதலில கதைக்க வேண்டாமெண்டுதான் சொன்னவர். எங்கட பிள்ளை ஒருநாளும் இப்பிடி ஓடினதில்லை. உங்கட பெடியனுக்கு அவளைப் பிடிச்சுதோ?"