சி.ஐ.டி. அண்ணையும் பாஞ்சோ கேசட்டும்

சூரியன் கிழக்கேதான் உதிக்கிறது என்று இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒருவேளை சி.ஐ.டி. அண்ணை நம்புவார். அதற்கு முன் அந்த இரண்டு பேரும் யார், எந்தத் தெரு, ஏன் இவ்வளவு அக்கறையாகக் கையெழுத்துப் போட்டார்கள் என்று விசாரித்திருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஒடாஹுஹுப் பகுதியில் நாங்கள் நான்கு பேர் ஒரு வாடகை வீட்டில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தோம். மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். நான் மதுரை. நாலாவது ஆள் யாழ்ப்பாணத்து அண்ணை. அவருக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்தது நான்தான். டப்பாத் தொழிற்சாலை ஒன்றில், மூடி ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு டப்பாவாகப் பார்ப்பது அவர் வேலை. ஆளைத் தெரிந்துதான் அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பால் புட்டியில் பேனாவால் கோடு போட்டு வைப்பார். டெலிபோன் அடித்தால் எடுத்து, எதிர்ப்பக்கம் மூன்று தரம் "ஹலோ" சொல்லும் வரை வாயைத் திறக்கமாட்டார். எந்தப் படிவத்திலும் தன் பெயரை எழுதமாட்டார், என் பெயரைத்தான் எழுதுவார். நான் போயே இராத நூலகத்திலிருந்து, நான் தொட்டே இராத புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லி எனக்கு இரண்டு தரம் கடிதம் வந்தது.

"ஏன் அண்ணே, உங்க பேருக்கு என்ன குறைச்சல்?" என்று சண்டைக்குப் போனேன்.

"உமக்கு ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே தம்பி? பேந்தென்ன?"

கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடிதம் வந்தால் படித்த கையோடு சமையலறைத் தொட்டியில் போட்டு எரிப்பார், புகை மணி ஊரைக் கூட்டும். நாங்கள் சிரிப்போம். ஒருநாள் அவரே சொன்னார்: "அங்கை ஒரு படத்தைக் காட்டி ஆளைக் கொண்டு போயிருக்கிறாங்கள் தம்பி. போனவன் வரேல்ல." அன்றைக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

இந்தப் பழக்கமே அவர் தலையில் இடியாக இறங்கியது. மனைவி பிலோமினா யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவரைக் கூப்பிட்டுக்கொள்ள அண்ணை விசாவுக்கு மனுப் போட்டிருந்தார். இமிக்ரேஷன் அதிகாரி பைலைப் புரட்டிப் பார்த்தார். கல்யாணமாகி ஆறு வருஷம். சேர்ந்து எடுத்த படம் ஒன்றில்லை, கடிதம் ஒன்றில்லை. கல்யாணச் சான்றிதழை நீட்டினால், காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே என்றாராம். ஆறு வாரம் தவணை. அதற்குள் உண்மையான தம்பதி என்று காட்டவேண்டும், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

அண்ணை வீட்டுக்கு வந்து என் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அவன் என்னை நம்புறான் இல்லைத் தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். இரண்டு வாரம் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. பால் புட்டிக்குக் கோடு போடக்கூட மறந்துவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் அறையில் ஒரு கேசட் பிளேயர் உண்டு. அதிலிருந்து தினமும் இரண்டு நிமிஷம் டிங்கிடி டிங்கிடி என்று பாஞ்சோ கேட்கும். உடனே காதில் இயர்போனை மாட்டிக்கொள்வார், அப்புறம் நமக்குக் கேட்காது. இது அமெரிக்க மலைக்காட்டு இசை, புளூகிராஸ் என்று பேர் என்று என் கூட வேலை பார்த்தவன் விளக்கினான். நகரத்துக்கு மேற்கே ஒரு பண்ணையில் அந்த இசைக்கே ஒரு நாள் விழா நடக்கிறதென்று நோட்டீஸும் கொடுத்தான். பாட்டு, நடனப் பயிற்சி, சாக்கு ஓட்டம், லாடம் எறிதல், குளத்தில் கயாக் படகு, பழைய கேசட் கடை. மனுஷன் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று கூப்பிட்டேன்.

"எனக்கு இந்தப் பாட்டு விருப்பம் எண்டு ஆர் சொன்னது?"

"தினம் கேட்கிறீங்களே அண்ணே!"

"ஒட்டுக் கேக்கிறீரோ?"

நோட்டீஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேசட் கடை என்ற இடத்தில் கண் நின்றது. வருகிறேன் என்றார்.

வாசலில் பெயர் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அண்ணை "ரொபேர்ட்" என்று எழுதி ஒட்டினார். சாக்கு ஓட்டத்தைப் பார்த்து, "காலைக் கட்டிப்போட்டு ஓடச் சொல்லுறாங்கள், ஏனெண்டு யோசிச்சீரோ?" என்றார். லாடம் எறிகிற இடத்தில், குதிரை எங்கே என்று பண்ணைக்காரரையே மடக்கினார். கேசட் கடையில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் பத்துக் கேசட் வாங்கித் தோள்பைக்குள் போட்டார். அந்தப் பை அவர் தோளை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் மேடையில் ஒரு குழு ஏறியது. அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, அந்தத் தொப்பிக்காரனைப் பாரும். பாஞ்சோ வச்சிருக்கிறவன். என்ர பைல் அவனிட்டத்தான் கிடக்கு."

"இமிக்ரேஷன் ஆளா? அதனால என்ன அண்ணே, லீவு நாள்ல அவரும் பாஞ்சோ வாசிக்கக் கூடாதா?"

"கவர்மெண்டு ஆளுக்கு ஏன் பாஞ்சோ? எனக்குப் பின்னால வந்திருக்கிறான். பொஞ்சாதிக்கு விசா கேட்டுப்போட்டு இஞ்சை கூத்தாடுறான் எண்டு எழுதப்போறான்!"

தப்பி ஓட அவருக்குக் கிடைத்த வாகனம் கயாக். நீச்சல் தெரியாது. உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, படிவத்தில் வழக்கம்போல என் பெயரை எழுதிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பையை என்னிடம் நீட்டினார். "திறக்காதேயும். பார்க்காதேயும். பிடிச்சுக்கொண்டு மட்டும் நில்லும்." துடுப்பைத் தலைகீழாகப் பிடித்தபடி குளத்தின் நடுவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

நான் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றிருக்கலாம். என் போதாத காலம், மேடைக் குழு வாசித்து இறங்கியதும் பக்கத்தில் நடனம் சொல்லிக்கொடுத்த அம்மாவின் கேசட்டை டேப்ரெகார்டர் தின்றுவிட்டது. நாற்பது பேர் கை கோத்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரிடமாவது பாஞ்சோ கேசட் இருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார். பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. மேலாக இருந்த கேசட்டில் பாஞ்சோ படம். சற்றுமுன் வாங்கிய பத்தில் ஒன்று என்று எண்ணி, உதவி செய்கிற நினைப்பில் எடுத்துக் கொடுத்தேன். நான் கெடுத்த காரியங்கள் எல்லாமே இப்படித்தான் ஆரம்பித்திருக்கின்றன.

இரண்டு நிமிஷம் பாஞ்சோ பிரமாதமாக ஒலித்தது, நாற்பது பேரும் ஆடினார்கள். திடீரென்று 'டக்'. அடுத்து கிரீச் கிரீச் என்று ஏதோ சுற்றும் சத்தம். அதன்மேல் ஒரு பெண் குரல் ஒலிபெருக்கி வழியாகப் பண்ணை முழுக்கக் கேட்டது:

"இஞ்சருங்கோ, கேக்குதோ? ஐயா சைக்கிள் மிதிக்கிறார், கெதியாச் சொல்லி முடிக்கோணும். போன கசெற்றில மூண்டு தரம் இருமினனீங்கள். நான் எண்ணினனான். மல்லி அவிச்சுக் குடிக்கச் சொன்னனே, குடிச்சனீங்களோ? பொய் சொல்லக்கூடாது. ஐயா, நிப்பாட்டாதேங்கோ, நான் இன்னும் ஏசி முடிக்கேல்ல!"

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. போர் நடக்கும் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பாட்டரிக்கும் அரசாங்கத் தடை. சைக்கிள் டைனமோவில் வயரைக் கட்டி, அப்பா மிதிக்க, மகள் பேசிப் பதிந்திருக்கிறார். வழியில் யார் போட்டுப் பார்த்தாலும் பாட்டுக் கேசட் என்று விட்டுவிட வேண்டும். அதற்காக இங்கிருந்து அண்ணை மலிவான பாஞ்சோ கேசட்டாக வாங்கி, தன் பேச்சையும் பதிந்து அனுப்புவார், அங்கேயும் முதல் பாட்டை விட்டுவிட்டு மீதியில் பதிவார்கள்.

குளத்தின் நடுவில் அண்ணை மனைவியின் குரலைக் கேட்டார். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் எழுந்து நிற்போமே, அப்படியே எழுந்து நின்றார். கயாக்கில் எழுந்து நிற்கக் கூடாது. தொபுக்கடீர். கரையில் இருந்த காவல்காரர் படிவத்தைப் பார்த்து என் பெயரைச் சொல்லி அலறினார். சொட்டு ஈரம் படாமல் நின்ற நான் "பிரசெண்ட்" என்றேன்.

தண்ணீருக்குள் இறங்கி அண்ணையை இழுத்து வந்தவர், வேறு யார், பாஞ்சோக்காரர்தான். அண்ணை அவரை ஏற இறங்கப் பார்த்து, அங்கிக்கு அடியிலிருந்து ஈரத்தில் தொங்கிய பெயர்க் காகிதத்தைத் தொட்டு, "ஐ ஆம் ரொபேர்ட்" என்றார்.

ஒலிபெருக்கியில் ஏச்சு நிற்கவில்லை. அந்தக் குரலுக்குரியவர் யார், என்ன சொல்கிறார் என்று அதிகாரி என்னைக் கேட்டார். இவர் மனைவி, இருமலுக்கு மருந்து குடிக்காததற்குத் திட்டுகிறார் என்றேன். கொஞ்ச நேரம் தலை சாய்த்துக் கேட்டார். இதுபோல் இன்னும் எத்தனை இருக்கின்றன என்றார்.

அண்ணை ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே, "தேர்ட்டி ஒன்" என்றார்.

அதிகாரி, இன்றைக்கு நான் வெறும் பாஞ்சோ வாசிக்கிறவன், பைலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் மொழிபெயர்ப்போடு ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டினார்.

அண்ணை மூன்று நாள் மாட்டேன் என்றார். "அவளின்ர குரலைக் கவர்மெண்டுக்குக் குடுக்கிறதோ?" நான் கத்தினேன்: "அப்ப குரலையே கட்டிக்கிட்டு அழுங்க! ஆள் வேணுமா, கேசட் வேணுமா?" நாலாம் நாள் காலையில் பையைச் சமையலறை மேசையில் வைத்தார். "நீரே எழுதும் தம்பி."

முடிவை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விசா கிடைத்தது. பிலோமினா அக்கா வந்தார், வந்த அன்றே மல்லி அவித்தார். ஆனால் என் மனசில் நிற்பது அந்த மொழிபெயர்ப்பு நாட்கள்தான். எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் "அவள் அப்பிடிச் சொல்லேல்ல, திருப்பிப் போடும்" என்பார். இருபத்திரண்டாவது கேசட்டில் அக்கா சொன்னார்:

"அந்த மதுரைப் பெடியனை நான் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்கோ. அவன் வீட்டில நிக்கிற நாளிலதான் அறைக் கதவைப் பூட்டாமல் நித்திரை கொள்ளுறனீங்கள் எண்டு சொன்னீங்கள், எனக்கு அது பெரிய ஆறுதல்..."

அண்ணையின் கை பாய்ந்து பட்டனை அமுக்கியது. காது சிவந்துவிட்டது.

"அது விசாவுக்குத் தேவையில்லை."

"எல்லாத்தையும் எழுதணும்னு சொல்லியிருக்காங்க அண்ணே."

"அவள் சும்மா கூட்டிச் சொல்லுறவள். நீர் நம்பாதேயும்."

பையைத் திறக்காதே என்றதற்கு அப்புறம், அண்ணை சொல்லி நான் கேட்காத பேச்சு அது ஒன்றுதான். நம்பினேன்.