கொடிகாமத்தார் கேட்ட கார்

"ஐயா, இப்பவும் ஒழுகுதோ?" என்று மேலேயிருந்து யாகப்பு கேட்டார்.

முத்துக்குமாரு காருக்கடியில் மல்லாந்து கிடந்தார். மண்ணெண்ணெய் அவருடைய நெற்றியில் சொட்டி, காலையில் பூசிய திருநீற்றையும் கரைத்துக்கொண்டு காதுப்பக்கம் வழிந்துகொண்டிருந்தது.

"நிலத்திலை ஒரு சொட்டும் விழேல்லை," என்றார். "எல்லாம் என்ரை தலையிலைதான் விழுது."

"அப்ப நேற்றையிலும் பார்க்கப் பறவாயில்லை," என்றார் யாகப்பு.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் முப்பது வருடம் களஞ்சியக் கணக்கப்பிள்ளையாக இருந்து, ஒரு ஆணி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயரெடுத்த மனிதர், அறுபத்திரண்டு வயதில் இப்படி மண்ணெண்ணெயில் குளிப்பதற்குக் காரணம் கொடிகாமத்தார்.

கொடிகாமத்தார் என்றால் அவருடைய ஒரே மகள் குணலட்சுமிக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார். சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்கிற குடும்பம். சாதகம் பொருந்திவிட்டது. பெடியன் தங்கமான பெடியன் என்று எல்லாரும் சொன்னார்கள். அவருடைய மனைவி அருமைநாயகியின் முதல் வருட ஆட்டைத் திவசம் முடிய, ஆவணியில் கலியாணம் என்று நாளும் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகுதான் தரகர் ஏரம்பு ஒரு நிபந்தனையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

மாப்பிள்ளையை அழைத்துவரக் கார் வேண்டுமாம். வாடகைக் கார் கூடாதாம். முத்துக்குமாரு கொட்டிலுக்குள் படங்கு போட்டு மூடி வைத்திருக்கிறாரே, அந்தச் சிவப்புக் கார்தான் வரவேண்டுமாம். அதையும் பெண்ணின் தகப்பனே ஓட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. யுத்தத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வருவது நின்று மூன்று வருடமாகிவிட்டது. பற்றரி என்ற சாமானைக் கண்ணால் காண முடியாது. டாக்டர்மாரே சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாப்பிள்ளைமார் பட்டு வேட்டி சங்கிலிக்குள் போகாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளில்தான் மணவறைக்குப் போனார்கள். போனவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"கொடிகாமத்திலை கத்தரிக்காய் விக்கிற மனிசிக்கு, என்ரை கொட்டிலுக்குள்ளை கிடக்கிற கார் எப்பிடித் தெரியும்?" என்று முத்துக்குமாரு கேட்டார்.

ஏரம்பு வெற்றிலையைக் கன்னத்தின் மற்றப் பக்கம் தள்ளிவிட்டு, இந்தக் காலத்தில் எது ஒளித்திருக்கும் என்று பொதுவாக ஏதோ சொல்லிச் சைக்கிளில் ஏறிவிட்டார்.

அந்தக் காரைப் பற்றி அவரோடு கதைக்க இரண்டு பேருக்குத்தான் தைரியம் இருந்தது. அதில் ஒருவர் இப்போது இல்லை.

ஆலையில் வேலை பார்த்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பியபோது, அறுபத்தொன்றில், முத்துக்குமாரு அதை வாங்கினார். இரண்டே இருக்கை, துணிக் கூரை, ரத்தச் சிவப்பு. கலியாணம் முடித்த மூன்றாம் நாள் அருமைநாயகியை அதில் ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போனார். அவள் ஒரு கையால் கொண்டையையும் மறு கையால் அவருடைய வேட்டித் தலைப்பையும் பிடித்துக்கொண்டு, போன வழி முழுக்க முருகனைக் கூப்பிட்டாள். வரும்போது கொஞ்சம் கெதியாய் ஓடினால் என்ன என்று கேட்டாள்.

போன வருடம் ஆடியில் ஒரு காலைப்பொழுது அவளுக்கு நெஞ்சுக்குள் நோ வந்தது. கார் கொட்டிலுக்குள் நின்றது. அதற்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. பின்வீட்டாரின் சைக்கிள் கரியரில் அவளை இருத்தி, குணலட்சுமி பின்னாலே தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓட, முத்துக்குமாரு உழக்கினார். ஆஸ்பத்திரிப் படலை தெரிகிற தூரத்தில் குணலட்சுமி ஓடுவதை நிறுத்திவிட்டாள்.

செத்தவீடு முடிந்த அன்று அவர் காருக்குப் படங்கைப் போட்டார். போட்டுவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் சாய்ந்தவர்தான். எட்டு மாதம். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், ஆறிய பிறகு எடுத்துக்கொண்டு போவாள். தாடி நெஞ்சுவரை வந்தது. குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்து, ஒழுங்கைச் சனம் முழுவதும் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தாலும் அவர் கதிரையிலேயே கிடந்தார். போட்டால் போடட்டும் என்றுதான் கிடந்தார்.

ஏரம்பு நிபந்தனை சொன்ன அன்றுதான் எழும்பினார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வசனத்தை இங்கே எழுத முடியாது. கொடிகாமத்துச் சம்பந்தி, மாப்பிள்ளையின் தாய் இரத்தினம்மாவை, அவரை ஒரு நாளும் கண்டிராவிட்டாலும், ஏழு தலைமுறைக்கும் சேர்த்து ஏசினார். பிறகு, இந்தப் பேச்சு வேண்டாம், விட்டுவிடுவோம் என்றார்.

குணலட்சுமி குசினி வாசலில் நின்றாள். இருபத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். முதல் பேசிய மூன்று மாப்பிள்ளைமாரும் கலியாணத்துக்கு நாள் பார்க்க முதலே கனடாவுக்குப் பறந்திருந்தார்கள்.

"எனக்கு அந்த இடம் பிடிச்சிருக்கு, அப்பா," என்றாள்.

அதற்கு மேல் என்ன செய்வது? முத்துக்குமாரு தாடியை வழித்தார். கொட்டிலுக்குள் போய்ப் படங்கை இழுத்தார். உள்ளே இருந்து ஒரு கோழியும் ஒன்பது குஞ்சும் வந்தன.

யாகப்புவைக் கூட்டிவந்ததும் குணலட்சுமிதான். அவருடைய குடும்பம் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் இருந்தது. வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். கடலுக்குப் போகத் தடை என்பதால் கை சும்மா இருந்தது.

"வள்ளத்து மிசின் மண்ணெண்ணெயிலைதானே ஓடுது, ஐயா," என்றார். "இதுவும் அதுதான். கீழை தண்ணி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

முதலில் எண்ணெய்த் தாங்கி ஒழுகியது. ஓட்டையை அடைக்கச் சவுக்காரம் நல்லது என்றார் யாகப்பு. வீட்டில் இருந்த கடைசிச் சவுக்காரக் கட்டி தாங்கிக்குப் போயிற்று. அடுத்த இரண்டு கிழமை அப்பாவும் மகளும் கடலைமாப் பூசிக் குளித்தார்கள். ஒழுக்கு நிற்கவில்லை, இடம்தான் மாறியது. அதுதான் மேலே சொன்ன நெற்றிக் கதை.

பிறகு, மண்ணெண்ணெய் சூடாகி ஆவியாகப் போனால்தான் பற்றும் என்று, செப்புக் குழாயைப் புகைக் குழாயில் சுற்றினார்கள். பற்றியது. அளவுக்கு மிஞ்சிப் பற்றி, இயந்திரத்தை மூடுகிற பொனற்றின் சிவப்பெல்லாம் பொங்கிக் கருகியது. அதோடு பின்பக்கத்தால் ஒரு வெடி வெடித்தது. ஒழுங்கை முழுவதும் பங்கருக்குள் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுச் சின்னாச்சி பொழுதுபடும்வரை வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். வெடித்தது கார்தான் என்று அறிந்ததும் வந்தார். வந்து படலையில் நின்று சொன்னவற்றில் பாதி, முத்துக்குமாரு கொடிகாமத்தாரைப் பற்றிச் சொன்னவைதான்.

சூடு தணியட்டும் என்று பொனற்றைக் கழற்றினார்கள். கழற்றிய பொனற்றில் கோழி குடியேறியது.

பற்றரி இல்லாத கார் தள்ளினால்தான் உயிர் பிடிக்கும். ஒழுங்கையில் இனி யாரும் தள்ள வரமாட்டார்கள். சரிவில் உருட்டி விடலாம் என்றால், யாழ்ப்பாணத்தில் சரிவுக்கு எங்கே போவது? அடுப்படிக் கல்லைத் தவிர இந்த மண்ணில் உயரமாக ஒன்றும் இல்லை. முத்துக்குமாரு இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பங்கரின் மேல் அடுக்கியிருந்த பனங்குற்றிகளை உருட்டிக்கொண்டு வந்து, கிணற்றடியில் ஒரு மேடை கட்டினார். மூன்று பேருமாகக் காரை அதன்மேல் ஏற்றினார்கள்.

முதல் தடவை உருண்டது, உயிர் பிடிக்கவில்லை, வாழைக்குள் போய் நின்றது. இரண்டாம் தடவை உயிர் பிடித்தது, பிரேக் பிடிக்கவில்லை. கிணற்றுக் கட்டு தடுத்திருக்காவிட்டால் யாகப்பு சொன்ன அந்தத் தண்ணி வித்தியாசமும் இல்லாமல் போயிருக்கும். ஒரு விளக்கு உடைந்தது. காரின் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் பொம்மர் வந்தது.

மூன்று பேரும் ஓடிப் பங்கருக்குள் விழுந்தார்கள். விழுந்த பிறகுதான் மேலே பார்த்தார்கள். கூரை இருக்கவேண்டிய இடத்தில் நல்ல நீல ஆகாயம் இருந்தது. கூரை கிணற்றடியில் காருக்கு மேடையாக நின்றது.

"காத்து நல்லா வருது, ஐயா," என்றார் யாகப்பு மெல்ல. அவருடைய உதடு செபம் சொல்லிக்கொண்டிருந்தது.

முத்துக்குமாரு மகளைக் கீழே அமத்தி, அவளுக்கு மேலே குப்புறக் கவிழ்ந்தார். எட்டு மாதம் போட்டால் போடட்டும் என்று கிடந்த மனிதர் அன்று போட்டுவிடக்கூடாது என்று முருகனைக் கூப்பிட்டார். குண்டு எங்கோ மேற்கே விழுந்தது. மண் கொட்டியது. வேறொன்றும் நடக்கவில்லை.

எழும்பியதும் பனங்குற்றிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப உருட்டிவந்து பங்கரை மூடினார். மூடிவிட்டு, போதும் என்றார். கொடிகாமத்தாரின் பவிசுக்காகப் பிள்ளையைச் சாகக் குடுக்க அவர் ஆயத்தமில்லை. நாளைக்கே ஏரம்புவிடம் சொல்லிவிடப் போகிறார்.

தலையெல்லாம் மண்ணோடு நின்ற குணலட்சுமி, "இன்னும் ஒருக்காச் செய்து பாப்பம், அப்பா," என்றாள்.

"உனக்கென்ன விசரோ, பிள்ளை?"

"ஒரே ஒருக்கா."

இவ்வளவுக்குப் பிறகும் இவள் ஏன் இப்படி நிற்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. கலியாண ஆசை என்று நினைத்துக்கொண்டார். தாய் இருந்திருந்தால் இந்தப் பிள்ளை இப்படி வாய்விட்டுக் கேட்க வேண்டி வந்திருக்காது.

கடைசி வழியை யாகப்பு கண்டுபிடித்தார். மண்ணெண்ணெய் குளிரில் பற்றாது. தொடக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் சொட்டுச் சொட்டாக இறங்கவேண்டும். அகதி முகாமிலிருந்து ஒரு வெறும் சேலைன் போத்தலும் குழாயும் கொண்டுவந்து, காரின் கண்ணாடிச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். பெற்றோல் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் வந்தது. எங்கேயிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

முத்துக்குமாரு அந்தச் சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அருமைநாயகிக்கு அதை ஏற்றுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. அவர் வீட்டுக்குள் போய்விடுவார், திரும்பவும் கதிரையில் விழுந்துவிடுவார் என்று குணலட்சுமி பயந்தாள். அவர் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"தள்ளுங்கோ," என்றார்.

மகளும் யாகப்புவும் தள்ளினார்கள். சின்னாச்சியும் வந்து ஏசிக்கொண்டே தள்ளினார். கார் இருமியது, தும்மியது, பிறகு உயிர் பிடித்தது. கறுத்த புகையை ஒழுங்கை நீளத்துக்கும் விட்டுக்கொண்டு வைரவர் கோயில்வரை போய்த் திரும்பி வந்தது. முத்துக்குமாரு சிரித்துக்கொண்டு இறங்கினார். குணலட்சுமி கிணற்றடிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். புகை கண்ணுக்குள் போய்விட்டதாக்கும் என்று அவர் நினைத்தார்.

கலியாணத்தன்று விடியவே புறப்பட்டார்கள். துணிக் கூரை உக்கிப்போயிற்று, பொனற் இல்லை, ஒரு விளக்கு இல்லை. முன்பக்கம் கோணல். பின்னால் மாப்பிள்ளைத் தோழன் இருப்பதற்கு ஒரு மீன் பெட்டியை யாகப்பு கவிழ்த்துக் கட்டி, அதன்மேல் வெள்ளை விரித்திருந்தார். மணம் மட்டும் போகவில்லை.

நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை ஓடியது. கைதடியில் நின்றது. சாவகச்சேரியில் ஒரு தரம் வெடித்து, சந்தைச் சனத்தை நிலத்தில் படுக்கவைத்தது. வழி நெடுக முத்துக்குமாரு வாய்க்குள் ஒரு பேச்சைத் தயார்செய்துகொண்டு வந்தார். கலியாணம் நின்றாலும் பறவாயில்லை, அந்த மனிசிக்கு நாலு வார்த்தை சொல்லாமல் மாப்பிள்ளையை ஏற்றுவதில்லை என்று யாகப்புவிடம் சொன்னார்.

கொடிகாமத்துக்கு அரை மைல் இருக்கும்போது செப்புக் குழாய் அறுந்து விழுந்தது. கத்தரிக்காய் மூட்டையோடு போன ஒரு மாட்டுவண்டிக்காரன் இரக்கப்பட்டுக் கயிறு கொடுத்தான். மாப்பிள்ளை வீட்டு வாசலில் மேளம் முழங்க, முதலில் இரண்டு மாடு வந்தன, பிறகு கத்தரிக்காய் வந்தது, கடைசியாகச் சம்பந்தி வந்தார்.

படலையில் வாழை கட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், துடைத்துப் பொட்டு வைத்து, பூமாலை போட்ட ஒரு சைக்கிள் தயாராக நின்றது. அதை முத்துக்குமாரு கவனிக்கவில்லை.

மெலிந்து நரைத்த ஒரு மனுசி செம்பில் தண்ணியோடு முன்னுக்கு வந்தார். அதுதான் இரத்தினம்மா. மேளத்தை நிற்பாட்டச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு முத்துக்குமாரு தொடங்கினார்.

"நீங்கள் கேட்ட கார் வந்திருக்கு, வடிவாப் பாருங்கோ. இது என்ரை மனிசி சாகக் கிடக்கேக்கை ஓடாத கார். இந்த அஞ்சு மாசமா நான் ஒழுங்காப் படுக்கேல்லை, இருக்கேல்லை. பங்கரைப் பிரிச்சன். என்ரை பிள்ளையைக் கொல்லப் பாத்தன். எல்லாம் உங்கடை பவிசுக்காக. இப்ப உங்களுக்குத் திருப்திதானே?"

இரத்தினம்மாவுக்கு முகம் கறுக்கவில்லை. முத்துக்குமாரு சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக நின்று, கைகாலெல்லாம் எண்ணெயும் கரியுமாக நிமிர்ந்து நின்ற அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தண்ணிச் செம்பை நீட்டினார்.

"நாங்கள் சைக்கிளே போதும் எண்டுதான் சொன்னனாங்கள், அண்ணை. 'காரைக் கேளுங்கோ மாமி, இல்லாட்டி அப்பா அந்தக் கதிரையிலையே செத்துப்போவார்' எண்டு உங்கடை பிள்ளைதான் எனக்குக் கடிதம் எழுதினவ."