பங்கு வாத்தியாரின் இடுப்பு அரிசி

பாம்புக்கு மந்திரம் உண்டு, தேளுக்கும் உண்டு. பங்கு வாத்தியாருக்கு மட்டும் எந்தச் சாமியும் மந்திரம் சொல்லித் தரவில்லை. இந்த இனம் என்றோ ஒரு நாள் எதையோ சொல்லிக் கொடுத்திருக்கும். அந்த வித்தை எங்கே போனாலும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகும். கற்றவள் இன்னொருத்திக்குக் கற்றுக் கொடுத்தால் அதில் பங்கு, அவள் தன் தங்கைக்குச் சொன்னால் அதிலும் பங்கு. தங்கை மறந்துவிட்டால்? அதெப்படி மறக்கலாம்?

மலாயாவில் கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பஞ்சாலை என்பவளுக்கு வாய்த்தவர் வீரமுத்து வாத்தியார். அவர் கோலாட்டம் சொல்லிக் கொடுத்தது இரண்டே சாயங்காலம்; மீதியை அடிபட்ட விரல்கள்தாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தன. தொழிலாளர் லயத்துப் பெண்பிள்ளைகளைக் கூட்டி, ஊரடங்குக்கு முன் கோயில் வாசலில் பழக்கினாள். மாரியம்மன் திருவிழாவில் பிள்ளைகள் ஆட வேண்டும். வேறென்ன ஆசை அவளுக்கு?

பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாத்தியார் வாரந்தவறாமல் பங்கு கேட்டு வந்தார். ஆடுகிறவளுக்கு ஒரு பால்டின் அரிசி. நின்று பார்க்கிறவளுக்கு அரை டின்.

“பாக்குறதுக்குமா வாத்தியாரே? அந்தப் புள்ள அம்மாவத் தேடிக்கிட்டு வந்துச்சு.”

“காத மூடிக்கிட்டா தேடுனா? தாளம் கேட்டுச்சுல்ல? அரை டின்னு லா!”

அரிசியோ அளந்து கொடுக்கிற காலம். அந்த வாரம் புது உத்தரவு வேறு: காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம், தோட்டத்து முள்வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசியும் போகக் கூடாது.

“தட்சணைக்கு ஏதும்மா சட்டம்? குடு. இல்லேன்னா கோல கீழ வை. திருவிழாவுல ஒருத்தியும் ஆடக் கூடாது.”

பஞ்சாலை தன் பானையைக் கவிழ்த்துக் கொடுத்தாள். வாத்தியார் அதை இடுப்பில் கட்டி மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டார். வழியனுப்ப அவளும் கேட் வரை போனாள்.

கேட்டில் காவல் நின்ற ஜோசப்ராஜ் கேட்டார்: “என்ன பெரியவரே, எத்தன மாசம்?”

“என் பங்குப்பா இது. எனக்குக் கீழ பழகுறவங்க குடுத்தது.”

“என்ன பழக்குறீங்க?”

“கோலு.”

“எத்தன பேரு?”

வாத்தியார் நெஞ்சு நிமிர்ந்தது. இதுவரை யாரும் இப்படி மரியாதையாகக் கேட்டதில்லையே! “இங்க ஒரு கூட்டம். இவங்க பழக்குன கூட்டம் அடுத்த தோட்டத்துல. அதுக்குக் கீழ கோலா கிளாவாங்குல ஒண்ணு. எல்லாத்துக்கும் தலைவரு நான்தான். அரிசி எனக்கு வந்துரணும்!”

ஜோசப்ராஜ் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். ஆள் சேர்ப்பு, கோல் பயிற்சி, கிளைக் கூட்டம், அரிசி வசூல்! காடு காடாகத் தேடுகிற தலைவர் தானாக நடந்து வந்து கேட்டில் நிற்கிறார்.

வாத்தியாருக்கு வேட்டி நழுவியது. “ஐயோ சாமி! நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல!”

“அப்ப இந்த அம்மா?”

“அவளாக் கத்துக்கிட்டா! மாரியாத்தா சத்தியம்!”

ஒரு வார்த்தை மாறினால் வாத்தியாருக்குச் சிறை. பஞ்சாலை மனசுக்குள் ஆத்தாவைக் கும்பிட்டுக்கொண்டாள்.

“ஆமாங்கய்யா. பொம்பளப் புள்ளைங்க ஆடுற கோலாட்டங்க அது. இவரு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல. பாவம், விட்டுருங்க.”

ஜோசப்ராஜ் சிரித்துவிட்டார். வாத்தியார் வேலிக்கு வெளியே போனார். அரிசி பஞ்சாலையின் பானைக்கே திரும்பியது.

திருவிழாவில் பிள்ளைகள் ஆடினார்கள். கடைசி வரிசையில் நின்ற வாத்தியாரின் உதடுகள் பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணின. காவலுக்கு வந்த ஜோசப்ராஜ் குனிந்து அவர் காதில், “நானும் பாக்குறேன் பெரியவரே. அரை டின்னா?” என்றார்.

சிரிக்கிறீர்களா? பக்கத்து வீட்டு வள்ளியம்மா வைத்த மீன்குழம்பை ஊரே மெச்சியபோது, ‘அது நான் சொல்லிக் கொடுத்த பக்குவம்’ என்று முந்திக்கொண்டு சொன்னது யார்? எல்லாருக்கும் தாளத்தைக் கொடுத்த ஆத்தா இன்னும் ஒருவரிடமும் பையை நீட்டவில்லை. எதற்கும் உங்கள் இடுப்பை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.