பதினெட்டுப் பழுதுகள்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். லிஃப்ட்காரரும் அந்த இனம்தான். முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர், ஓய்வு பெற்ற அன்று பேசாமல் வீட்டுக்குள் வந்திருக்கலாம். வந்ததும் வராததுமாக மனைவி முன்னால் மார்தட்டினார். "ஊரை ஏத்தி இறக்கினது போதும். இனிமே அந்தக் கம்பெனிப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். காலில் விழுந்து கூப்பிட்டாலும் போக மாட்டேன்."

ஆச்சு, ஒரு வருஷம். வீட்டிலேயே இருந்து இருந்து மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அந்த நேரம் பார்த்துப் பழைய சகா ஒருவர் கடைவீதியில் காதைக் கடித்தார். கம்பெனியில் பழைய ஆட்களை மறுபடியும் எடுக்கிறார்களாம். லிஃப்ட்காரருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் தானாகப் போய் நின்றால் மானம் போகும். வீட்டம்மா வாயாலேயே 'போங்க' என்று வரவழைத்துவிட்டால்?

அதற்குத்தான் அந்த அறிக்கை. லிஃப்டுக்கு வருஷக் கடைசியில் பரிசோதனை அறிக்கை எழுதுவார்கள். என்னென்ன பழுது, என்ன விளைவு என்று கட்டம் போட்டு எழுதி, கீழே 'இயங்கலாம்' அல்லது 'நிறுத்தவும்' என்று முடிவு சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அதே பாணியில் தன் ஒரு வருஷத்து வீட்டுவாசத்தை எழுதினார். தன் தப்பைத் தானே தேடித் தேடி எழுதிய முதல் புருஷன் அவராகத்தான் இருக்கும். மொத்தம் பதினெட்டு. படித்தால் கல்லும் 'தயவுசெஞ்சு வேலைக்குப் போய்யா' என்று கெஞ்சும். இரண்டு தடவை பிகு பண்ணிக்கொண்டு மூன்றாவது தடவை இறங்கி வருவதுவரை ஒத்திகை பார்த்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் தாளை நீட்டினார்.

"என்னங்க இது?"

"வருஷம் முடியுதில்ல. நான் இருந்த லட்சணத்தைப் பார்த்து நீயே ஒரு முடிவு சொல்லு. 'நிறுத்தவும்'னாலும் வருத்தப்பட மாட்டேன்."

வீட்டம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒண்ணு. ஜனவரி. சமையலறை டப்பாவையெல்லாம் உயர வரிசையில் அடுக்கியது. விளைவு: மூணு வாரம் காப்பியில் உப்பு. ஆமா, உண்மைதான்."

"ரொம்பக் கஷ்டப்பட்டே இல்ல?"

"பட்டேன். ஆனா ஏப்ரல்ல நான் கையை ஒடிச்சுக்கிட்டப்ப, எந்த டப்பாவில என்ன இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரிஞ்சது? ஆறு வாரம் நீங்கதானே சமைச்சீங்க?"

"அது வேற வழியில்லாம. ஏழாவதைப் பாரு. வெள்ளைத் துணியோட சிவப்புத் துண்டை ஊறவச்சு எட்டுச் சட்டை பாழ். மன்னிக்கவே கூடாது."

"அந்த ரோஸ் சட்டையில பத்து வயசு குறைஞ்சு தெரியறீங்க. என் தங்கச்சியே சொன்னா."

"பன்னெண்டு. மாப்பிள்ளை கார் ஓட்டுற லட்சணத்தை மூஞ்சிக்கு நேரா சொன்னேன். பொண்ணு ஒரு மாசம் பேசல."

"பேசலதான். இப்ப மாப்பிள்ளை மெதுவா ஓட்டுறார். அவ நிம்மதியா உக்காந்து போறா."

"எல்லாத்துக்கும் சப்பைக்கட்டு கட்டுறே."

"இல்லீங்க. லிஃப்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடை தொங்கும், அது இருந்தாத்தான் பெட்டி நிதானமா ஏறி இறங்கும்னு நீங்கதானே அடிக்கடி சொல்வீங்க? இதுல பெட்டியை மட்டும் எழுதியிருக்கீங்க." வீட்டம்மா பேனாவை எடுத்துப் பத்தொன்பது என்று போட்டார். "இதை விட்டுட்டீங்க. கையில கட்டோட நான் உக்காந்திருந்தப்ப, தினம் காலையில தலை பின்னி விட்டீங்க. கோணல்மாணலாத்தான். இருந்தாலும் அந்த ஆறு வாரமும் நான் சந்தோஷமா இருந்தேன்."

பாவி மனுஷி, இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் வீட்டைவிட்டுப் போக மனசு வரும்? இந்த ஒரு வருஷம் அவ்வளவொன்றும் மோசமில்லை என்றுகூட அவருக்குத் தோன்றியது. அதற்குள் வீட்டம்மா கடைசி வரியில் 'இயங்கலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"ஆகமொத்தம் வீட்டை உங்களை நம்பி விடலாம். ஒரு வாரமா இதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

"எதுக்கு விடணும்?"

"போன வாரம் உங்க மேனேஜர் ஃபோன் பண்ணினார். உங்களைத்தான் கேட்டார். 'காலில் விழுந்தாலும் வர மாட்டார், அவர் சொன்னா சொன்னதுதான்'னு சொல்லிட்டேன்."

லிஃப்ட்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப என் இடம்?"

"உங்க சகாவை எடுத்துக்கிட்டாராம். ஆனா புகார் வாங்கிக்க ஃபோன்ல ஒரு ஆளு வேணும்னார். லிஃப்ட்ல மாட்டினவங்க எல்லாம் முப்பத்தாறு வருஷமும் நம்ம வீட்டுக்குத்தானே கூப்பிட்டாங்க? நீங்க போய்ச் சேர்றவரைக்கும் அவங்களை அழவிடாமப் பேசினது யாரு? அதைச் சொன்னேன். நாளையிலிருந்து வரச் சொல்லியிருக்கார். ஏழரைக்குள்ள சாப்பாட்டைக் கட்டி வச்சிடுங்க, எட்டு மணிக்கு பஸ்."

யாரிடமாவது போய்ப் புகார் சொல்ல வேண்டும்போல் இருந்தது லிஃப்ட்காரருக்கு. நாளையிலிருந்து அதையும் வீட்டம்மாதான் வாங்கிக்கொள்வார்.