விலை கேட்க மட்டும்

"சரி சார், எனக்குச் சம்மதம்" என்றார் புரோக்கரோடு வீடு பார்க்க வந்த கண்ணாடிக்காரர்.

வீட்டுக்காரரான லிஃப்ட் மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்ன விலையைக் கேட்டு ஓடிப்போகாத ஆளை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

வீட்டை விற்கும் எண்ணம் அவருக்கு எந்த ஜென்மத்திலும் கிடையாது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தானே அளவெடுத்து, கொத்தனாரோடு மல்லுக்கட்டிக் கட்டிய வீடு அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், இந்த வட்டாரத்தில் வீட்டு விலை இனி எப்படிப் போகும் என்று ஒரு பத்தி வரும். 'ஏறும்' என்று அதில் போட்டிருந்தால் போதும், உடனே புரோக்கரைக் கூப்பிட்டுவிடுவார். யாராவது வருவார்கள், "அருமையான வீடு சார்" என்பார்கள். இவர் போன வாரத்தைவிடக் கூட்டி ஒரு விலை சொல்வார். வந்தவர்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். அந்தப் பெருமை அடுத்த ஞாயிறு வரை தாங்கும்.

"என்னங்க, கேட்டுதா? சம்மதமாம்!" என்று உள்ளேயிருந்து வந்தாள் மனைவி. அவளுடைய தங்கை குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் பன்னிரண்டாவது மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. மனைவிக்கு அங்கே போக ஆசை. "நான் சொல்ற விலைக்கு ஆள் வந்தா போயிடலாம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார் மெக்கானிக். எவன் வரப்போகிறான் என்ற தைரியம்தான்.

லிஃப்டில் மாட்டியவர்களை ஆயுசு முழுக்க வெளியே இழுத்துப் போட்டவர் அவர். தினமும் பன்னிரண்டாவது மாடிக்கு லிஃப்டில் போய்வர அவர் தயாராக இல்லை.

"அது பழைய விலை சார்" என்று சமாளித்தார். "இப்ப இன்னும் கூடிடுச்சு." கூச்சப்படாமல் ஏற்றிச் சொன்னார்.

"நியாயம்தான். இன்னும் ஏறும், எழுதியே தர்றேன்" என்றார் கண்ணாடிக்காரர் குஷியாக.

மனைவி தங்கைக்கு ஃபோன் போட்டாள். "ஏய், வந்துட்டோம்டி!"

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "சார், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. மழை பேஞ்சா அந்தச் சுவரெல்லாம் ஓதம் ஏறும்."

"அப்படியா? கட்டினவன் மட்டமான ஆளா இருப்பான் போல."

"யாரு மட்டம்?" மெக்கானிக்குச் சுருக்கென்றது. "வாங்க இப்படி! தட்டிப் பாருங்க! எங்கேயாவது ஒரு சொட்டு ஈரம் இருக்கா? ஒவ்வொரு தூணுக்கும் என்ன கம்பி போட்டிருக்கேன் தெரியுமா? இந்தத் தெருவே இடிஞ்சாலும் இது நிக்கும் சார்!"

கண்ணாடிக்காரர் தட்டிப் பார்த்தார். "இப்படி ஒரு வீட்டை விடுவேனா?" என்று முன்பணம் கொடுக்கச் செக் புத்தகத்தை எடுத்தார்.

தன் வாயாலேயே கெட்டோமே என்று மெக்கானிக் நொந்துகொண்டார். ஆனால் அந்தச் சுவரைப் பற்றி ஒருத்தன் தப்பாகப் பேசக் கேட்டுக்கொண்டிருக்க அவரால் முடியாது. பேனா மூடி கழன்றது.

"வேணாம் சார்!" என்று கையைப் பிடித்துவிட்டார். "நான் வீட்டை விக்கறதா இல்ல. சும்மா விலை சொல்லிப் பாக்கத்தான் ஆளுங்களை வரவழைப்பேன். வாராவாரம் நானா ஏத்தின விலை அது. என் வீடு எனக்குப் பெருமை, அவ்வளவுதான்."

ஃபோனைக் காதிலிருந்து எடுத்த மனைவி முறைத்த முறைப்பை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப அந்த விலைக்கெல்லாம்... யாருமே வாங்கலையா?"

"ஒருத்தர்கூட இல்ல."

கண்ணாடிக்காரர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீடு கிடைக்கலேன்னா இவ்வளவு இடிஞ்சு போவாங்களா?" என்று புரோக்கரிடம் கிசுகிசுத்தார் மெக்கானிக்.

புரோக்கர் தலையைச் சொறிந்தார். "வீட்டுக்காக இல்ல சார்... பேப்பர்ல வாராவாரம் விலை ஏறுதுன்னு எழுதறவரே இவர்தான். இந்தப் பக்கம் என்ன விலைன்னு என்னைக் கேப்பார், நான் உங்க விலையைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்!"